ஜேம்ஸ் பிரெய்ட்வுட் சரித்திரம்

போர்க்களத்தில் வாளேந்திப் பகைவரை வென்று புகழ் பெற்றோர் சரித்திரங்களை நம்மவர் விரும்பிப் படிப்பதுண்டு. அவற்றால் வீரம் இன்னதென்பது விளங்கும். ஆயினும், தம் ஊருக்கு இடையூறு வருவதற்கு முன்பே அதனை எதிர்நோக்கி, ஆளும் பொருளும் கருவியும் தண்ணீரும் இன்னின்னவாறு இருத்தல் வேண்டுமென்று வகுத்து வைத்தோர் சரித்திரம் அருகியே எழுதப்படுகின்றது. அத்தகையோருள் தலைசிறந்தவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட் என்பார். நகரத்தார் பொதுவில் நிறுவிய தீயணைப்புப் படைகளுள், ஒழுங்கும் பயிற்சியும் பெற்ற முதற்படைக்குத் தலைமை பூண்டவர் இவரே என்று போற்றுவர். இவருடைய வரலாற்றை இத்திங்கள் நம் அன்பர்களுக்குச் சுருக்கமாய் எடுத்துரைக்க விரும்புகின்றோம். இஃது ஒரு தனி மனிதரின் வரலாறாயினும், ஊராளும் சபையினர் தம் பொருளை எப்பொழுது எதன்பொருட்டுச் செலவிடல் வேண்டும் என்னும் பெரியதொரு வினாவுக்கு விடையும் இதனுள் அடங்கியிருக்கின்றது.

இளமை

பிரெய்ட்வுட், ஸ்காட்லாந்து தேசத்தின் தலைநகராகிய எடின்பரோவில் 1800-ஆம் ஆண்டில் பிறந்தார். இவர் தந்தையார் மரச்சாமான்கள் செய்விக்கும் தொழிலும் கட்டட வேலையும் நடத்தி வந்தவர். இளைஞர் அந்நகரத்து உயர்தரப் பாடசாலையில் கல்வி பயின்று, பின்னர்த் தந்தையாருடைய தொழிலில் அமர்ந்தார். சுவர் எவ்வாறு எழும்புகின்றது, உத்தரம் எவ்விடத்தில் தாங்குகின்றது, தளம் எதன்மேல் நிற்கின்றது, கூரை எப்படிப் பொருத்தப்படுகின்றது என்பவற்றையெல்லாம் கண்ணாற்கண்டும் கையாற்செய்தும் கற்றார். தச்சுப்பட்டறையிற் பெற்ற இவ்வறிவே பிற்காலத்தில் இவர்க்குப் பேருதவியாயிற்று. எரிகின்ற வீட்டினுள் நுழைபவனுக்கு அவ்வீடு எவ்விடத்தில் முதலில் இடியும் என்பது தெரிந்திருத்தல் வேண்டுமன்றோ?

அக்காலத்து எடின்பரோ நகரின் பழைய பகுதி மிக நெருக்கமானது. குன்றின் முதுகில் ஓடும் பெருந்தெருவின் இருபுறத்தும் எட்டு, ஒன்பது, பதினொரு நிலை மாளிகைகள் ஓங்கி நின்றன. அவற்றின் இடையே இருவர் எதிரெதிரே வரின் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள் பல. ஒரே கட்டடத்தில் பல குடும்பங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குடியிருந்தன. ஓரிடத்தில் தீப்பற்றினால் அஃது எங்கே போய் முடியும் என்று எவரும் கூற இயலாத நிலைமை.

தீயை எதிர்க்க அந்நாளில் இருந்த ஏற்பாடோ மிகவும் இரங்கத்தக்கது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தத்தமக்கெனத் தனித்தனியே தண்ணீர்ப் பொறிகளும் ஆட்களும் வைத்திருந்தன. ஒரு கம்பெனியின் ஆட்களுக்கும் மற்றொரு கம்பெனியின் ஆட்களுக்கும் ஒத்துழைப்பு இல்லை. பல பொறிகள் வந்து சேர்ந்தபோதிலும் ஒரு தலைமை இல்லாமையால் அவை பயன்படாதொழிந்தன. 1824-ஆம் ஆண்டில் அந்நகரில் அடுத்தடுத்துத் தீவிபத்துகள் நேரவே, நகர நிர்வாகத்தார் விழித்துக்கொண்டனர். கம்பெனிகளின் பொறிகளை ஒருங்கு சேர்த்து, நகர நிர்வாகத்தாரும் கம்பெனியாரும் செலவைப் பகிர்ந்துகொள்ள, நகர் முழுமைக்கும் பொதுவான படை ஒன்றை நிறுவினர். அதன் தலைமைக்கு இருபத்துநான்கு வயதினரான பிரெய்ட்வுட் தெரிந்தெடுக்கப்பெற்றார்.

எடின்பரோப் பெருந்தீ

படை தோன்றிச் சில வாரங்களே சென்றன. ஆட்கள் பயிற்சி பெற்று முடியவில்லை. அந்நிலையில் 1824-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் இரவு, பெருந்தெருவை அடுத்த சந்து ஒன்றிலிருந்த செதுக்குத் தொழிலகத்தில் தீப்பற்றியது. சந்தின் குறுக்கத்தால் பொறிகளை அருகே கொண்டு செல்லுதல் அரிதாயிற்று. தண்ணீர் கிடைப்பதிலும் தாமதம் நேர்ந்தது. அதற்குள் தீ மாடிக்கு மாடி தாவிப் பெருந்தெருவை எட்டிவிட்டது. மறுநாள் சற்றுத் தொலைவிலிருந்த டிரான் ஆலயத்தின் கோபுரத்திலும் நெருப்புப்பொறி வீழ்ந்து, அக்கோபுரம் எரிந்து சாய்ந்தது. அன்றிரவே பார்லிமெண்டுச் சதுக்கத்தின் பக்கத்து மாளிகை ஒன்றிலும் புதிதாய்த் தீ மூண்டது. நானூறு குடும்பங்களுக்கு மேல் வீடிழந்து வீதியில் நின்றன. தீயணைப்போர் உட்படப் பதின்மருக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இப்பெருங்கேட்டுக்குத் தண்ணீர்க் குறைவும் சந்தின் குறுக்கமும் மட்டுமே காரணங்களல்ல. தீ மூண்ட இடத்திற்கு நகரத்து அதிகாரிகள் பலர் ஓடிவந்தனர். நீதிபதி ஒருவர் ஒரு கட்டளை இடுவார். நகரத் தலைவர் மற்றொன்று இடுவார். கம்பெனியின் காரியஸ்தர் தம் கம்பெனியிற் பதிவான கட்டடத்தையே முதலிற் காக்கவேண்டும் என்பார். ஒருவர் அனுப்பிய பொறியை மற்றொருவர் திருப்பி அழைப்பார். அனைவரும் நல்லெண்ணம் உடையவரே. ஆயினும் நல்லெண்ணம் பலவாய் ஒருங்கே கட்டளையிட்டால், ஆட்கள் ஒன்றையும் செய்ய மாட்டாது திகைத்து நிற்பர். இளைஞராகிய பிரெய்ட்வுட்டுக்குத் தலைமைப் பெயர் இருந்ததேயன்றித் தலைமை அதிகாரம் அன்று இருந்திலது.

தீ அவிந்தபின், அவர்மேல் பழிசுமத்திப் படையைக் கலைத்துவிடுதல் நகரத்தாருக்கு எளிதாயிருந்திருக்கும். அவ்வாறு செய்யாமல், குறை எங்கே என்று அவர்கள் ஆராய்ந்தனர். இனித் தீ நேருமிடத்தில் படைத்தலைவர் ஒருவருக்கே முழு அதிகாரம் உண்டு, பிறர் எத்துணைப் பெரியவராயினும் அவ்விடத்தில் கட்டளையிடுதல் கூடாது என்று முடிவாயிற்று. பெரும்பதவியிலிருப்போர் தம் அதிகாரத்தைத் தாமே சுருக்கிக்கொண்டு, இளைஞர் ஒருவரிடத்தில் ஒப்புவித்த இச்செயல் மிக அரியது. இதனினும் பெரிய பாடத்தை அப்பெருந்தீ கற்பிக்கவில்லை என்பது நம் கருத்து.

படையைப் பயிற்றிய முறை

அதிகாரம் பெற்ற பிரெய்ட்வுட், தம் படையைத் திருத்தும் பணியில் ஊக்கமுடன் இறங்கினார். ஆட்களை அவர் தெரிந்தெடுத்த முறையை நம் அன்பர்கள் கூர்ந்து நோக்கல் வேண்டும். செல்வாக்குடையோரின் பரிந்துரையை அவர் பார்க்கவில்லை. கைத்தொழில் வல்லாரையே தேடினார். கூரை வேய்வோர் உயரத்தில் அஞ்சாது நடப்பர். கொற்றரும் தச்சரும் சுவரின் நிலையையும் தளத்தின் வலிமையையும் பார்த்த அளவில் அறிவர். குழாய் வேலை செய்வோர் தண்ணீர் வரும் வழியை அறிவர். கொல்லர் பொறி பழுதுற்றால் அங்கேயே செப்பனிடுவர். இவர்களெல்லாம் பகலில் தத்தம் தொழிலைச் செய்து, மணியோசை கேட்டவுடன் ஓடிவந்து கூடுவோர். இவ்வாறு, ஊரில் முன்னரே இருந்த திறமையைப் பொதுநன்மைக்குத் திரட்டியமையால், நகரத்தார்க்குச் செலவும் குறைந்தது. வேலையும் செவ்வையாய் நடந்தது. கைத்தொழிலாளரின் அறிவு ஒரு நகரத்தின் மூலதனம் என்பதை இவர் மெய்ப்பித்துக் காட்டினார் எனலாம்.

வாரந்தோறும் விடியற்காலை நான்கு மணிக்கு அவர் ஆட்களைத் திரட்டிப் பயிற்சி அளித்தார். அந்நேரத்தில் தெருக்களில் கூட்டம் இராது. இருளில் வேலை செய்யும் பழக்கமும் உண்டாகும். தொழிலாளரின் நாட்கூலியும் கெடாது. பொறிகளுக்குத் தனித்தனி வண்ணம் தீட்டுவித்து, எப்பொறி எப்பகுதிக்கு உரியது என்று வரையறுத்தார்.

அதுகாறும் தீயணைப்போர் தெருவில் நின்றவாறே பலகணிகளின் வழியாகத் தண்ணீரை வீசுவது வழக்கம். அவ்வாறு வீசும் தண்ணீரிற் பெரும்பகுதி வீணாகும். பிரெய்ட்வுட் இதனை மாற்றினார். தோற்குழாயைக் கையிற்பிடித்து உள்ளே நுழைந்து, தீ மூண்ட இடத்தையே கண்டுபிடித்து அதன்மேல் தண்ணீரைச் செலுத்துதல் வேண்டும். புகை நிறைந்த அறையில் தரையோடு தவழ்ந்து செல்லின் மூச்சுவிடக் காற்றுக் கிடைக்கும். எவரும் தனியே உள்ளே செல்லலாகாது, இருவராயினும் சேர்ந்தே செல்லல் வேண்டும். காற்றுப் புகுந்து தீயை வளர்க்காதபடி கதவுகளை மூடிவைத்தல் வேண்டும். இவை அவர் வகுத்த விதிகள்.

பிறரை ஏவிவிட்டுத் தாம் ஒதுங்கி நிற்பது அவர் இயல்பன்று. இரும்புச் சாமான் கடையொன்று தீப்பற்றி எரிந்தபோது, அதனுள் வெடிமருந்துப் பீப்பாய்கள் இருப்பதறிந்து, தாமே உட்புகுந்து அவற்றை வெளிக்கொணர்ந்தனர் என்பர். 1830-ஆம் ஆண்டில் தீப்பொறிகளின் அமைப்பு, தீயணைப்போர் பயிற்சி, தீ நேர்ந்தவிடத்து நடக்கும் முறை ஆகியவற்றை விளக்கி நூலொன்று எழுதி வெளியிட்டார். அதனால் அவர் புகழ் எடின்பரோவைக் கடந்து பரவிற்று.

லண்டனுக்குச் சென்றமை

அக்காலத்தில் உலகத்துப் பெருநகரங்களுள் முதன்மை பெற்றிருந்த லண்டனில் மக்கள்தொகை பதினைந்து லட்சத்திற்கு மேற்பட்டிருந்தது. ஆயினும் தீயினின்று அம்மாநகரைக் காக்க நகர ஆட்சியினர் செய்திருந்த ஏற்பாடு மிகச் சிறிது. பாரிஷ் என்னும் ஒவ்வொரு சிறு வட்டமும் தண்ணீர்ப் பொறியும் ஏணியும் வைத்திருத்தல் வேண்டுமென்று பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சட்டம் உண்டாயிற்று. தீ நேர்ந்த இடத்திற்கு முதலில் வரும் பொறிக்குப் பரிசுப்பணமும் சட்டத்தில் விதிக்கப்பட்டிருந்தது. பொறியை வாங்கி வைத்தல் கட்டாயம்; அதனைப் பழுதின்றி வைத்தலும், அதனை இயக்குவோரைப் பழக்குதலும் எவருடைய பொறுப்பென்று எவரும் கவலுற்றிலர். ஆதலின் பல வட்டங்களில் பொறி கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்தது. கணக்கில் பொறி உண்டு, காரியத்தில் இல்லை.

இந்நிலையில் பத்து இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஒன்றுகூடி, தம் பொறிகளையும் ஆட்களையும் இணைத்து, 1833-ஆம் ஆண்டு ஜனவரி முதல்நாள் தொட்டு ஒரு பொதுப்படையை நடத்தத் தொடங்கின. அதற்குத் தலைவராக எடின்பரோவிலிருந்து பிரெய்ட்வுட்டை வரவழைத்தன. ஏறக்குறைய எண்பது ஆட்களே அவர்க்குக் கிடைத்தனர். இங்கே அவர் கைத்தொழிலாளரை விடுத்து மாலுமிகளை மிகுதியும் சேர்த்தார். இரவு பகல் முறைவைத்து விழித்திருக்கவும், சொன்ன சொற்குக் கீழ்ப்படியவும், கயிற்றிலும் ஏணியிலும் ஏறவும் மாலுமிகள் பழகியவராதலின், முழுநேர வேலைக்கு அவர்களே தக்கவர் என்று கண்டார். இடத்திற்கேற்ப முறையை மாற்றுதலும் அறிவுடைமையன்றோ?

1834-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள், இங்கிலாந்து தேசத்துப் பார்லிமெண்டு மாளிகையே தீக்கிரையாயிற்று. பழங்காலத்துக் கணக்குக் குச்சிகளை அடுப்பிலிட்டு எரித்ததால் நேர்ந்த விபத்து அது. பிரெய்ட்வுட் பன்னிரண்டு பொறிகளோடும் அறுபத்துநான்கு ஆட்களோடும் சென்று போராடினார். இரு சபைகளின் மண்டபங்களும் அழிந்தன. எனினும் தொன்மைவாய்ந்த வெஸ்ட்மின்ஸ்டர் பெருமண்டபம் காப்பாற்றப்பட்டது. அம்மாளிகை எந்தக் கம்பெனியிலும் இன்ஷூர் செய்யப்பட்டதன்று. தேசத்தின் சட்டசபையையே தனிப்பட்ட வியாபாரிகளின் படை வந்து காக்க நேர்ந்தது. இதனைக் கண்ட பின்பும் அரசாங்கத்தார் அப்படையைத் தாம் ஏற்று நடத்த முன்வரவில்லை. 1838-ஆம் ஆண்டு ஜனவரியில் ராயல் எக்ஸ்சேஞ்சு என்னும் வர்த்தக மாளிகை எரிந்தபோது, கடுங்குளிரால் குழாய்களில் தண்ணீர் உறைந்து போக, அம்மாளிகை அழிந்தது. அப்பொழுதும் நிலைமை மாறவில்லை.

அரசாங்கத்தாரும் நகரத்தாரும் வாளாவிருந்தமைக்குக் காரணம் விளங்காமற் போகவில்லை. கம்பெனிப்படை இன்ஷூர் செய்த வீடு, செய்யாத வீடு என்று பாராது எல்லாத் தீக்கும் ஓடிற்று. பிறர் செலவில் வேலை நடக்கும்பொழுது வரி விதித்து மக்களின் வெறுப்பைத் தேடிக்கொள்ள எந்த ஆட்சியாளர் விரும்புவர்? தண்ணீரும் தனிக்கம்பெனிகளின் வசமே இருந்தது. நாளில் சில மணிநேரமே குழாய்களில் தண்ணீர் ஓடும். தீ மூண்டால், திறப்புக்காரனைத் தேடி எழுப்பி அழைத்துவந்து குழாயைத் திறக்கச் செய்தல் வேண்டும். அதற்குள் ஒரு வீட்டுத் தீ ஒரு தெருத் தீயாய்விடும்.

எச்சரிக்கையும் இறுதியும்

பிரெய்ட்வுட் இக்குறைகளை நன்குணர்ந்தவர். தேம்ஸ் நதிக்கரையில் வர்த்தகர் எழுப்பிவந்த பென்னம்பெரிய பண்டசாலைகளைப் பற்றி அவர் பலமுறை எச்சரித்தார். அவற்றுள் ஒருமுறை தீப்பற்றினால் தம் ஆட்களாலும் பொறிகளாலும் அடக்க இயலாது என்பது அவர் கூறிய கருத்து. வார்ப்பிரும்புத் தூண்களை நம்பலாகாது என்றும் அவர் வற்புறுத்தினார். இரும்பு எரியாதாகையால் மரத்தினும் பாதுகாப்பானது என்று அக்காலத்தோர் எண்ணினர். அவரோ, பருத்த மரவுத்தரம் மெல்ல எரிந்து முன்னறிவிப்புத் தரும். வார்ப்பிரும்போ சூடேறியபின் திடீரென முறிந்து கட்டடத்தையே வீழ்த்திவிடும் என்று விளக்கினார். சுவரால் பிரித்துச் சிறு சிறு அறைகளாய்க் கட்டினாலன்றிப் பண்டசாலைகளுக்குக் காவல் இல்லை என்றும் உரைத்தார். செவிசாய்த்தோர் சிலரே.

1861-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள், சனிக்கிழமை மாலை, டூலி தெருவை ஒட்டிய நதிக்கரைப் பண்டசாலை ஒன்றில் தீ தோன்றிற்று. சணலும் பருத்தியும் சர்க்கரையும் கொழுப்பும் அங்கே குவிந்து கிடந்தன. ஓரறையினின்று மற்றோர் அறைக்குத் தீ பரவாமல் தடுக்க அமைத்த இரும்புக் கதவுகள் மூடப்படாமல் திறந்திருந்தன. தண்ணீர் வரத் தாமதமாயிற்று. நதியில் நீர் வற்றியிருந்தமையால் மிதவைப் பொறிகளும் கரையை நெருங்க இயலவில்லை. உருகிய கொழுப்பு எரிந்தவாறே ஆற்றில் ஒழுகியது.

பிரெய்ட்வுட் அப்பொழுது அறுபது வயதினர். தம் ஆட்கள் வெம்மையால் சோர்ந்திருப்பதைக் கண்டு, அவர்கள் நின்ற இடத்திற்கே சென்று ஊக்கமூட்டிக்கொண்டிருந்தார். அவ்வேளையில் பண்டசாலையின் சுவர் வெடித்துச் சாய்ந்தது. அதன்கீழ் அவரும் அவருடன் நின்ற ஒருவரும் அகப்பட்டு உயிர்நீத்தனர். தீயின் கொடுமையால் அவருடலை உடனே எடுக்க முடியவில்லை. அத்தீ முழுதும் அவியப் பதினான்கு நாட்களளவு சென்றது. நட்டம் ஏறக்குறைய இருபது லட்சம் பவுன்.

ஜூன் 29-ஆம் நாள் அவருடைய இறுதி ஊர்வலம் லண்டன் வீதிகளில் ஒன்றரை மைல் நீளத்திற்குச் சென்றது. கடைகள் அடைக்கப்பட்டன, ஆலய மணிகள் ஒலித்தன. அரசர்க்குரிய மரியாதையை மக்கள் ஒரு தச்சுத்தொழில் வீட்டுப் பிள்ளைக்குச் செய்தனர். ஆறாண்டுகளுக்கு முன் இதே பணியில் தீயினால் மாண்டவரும் அவர் மனைவியாரின் முன்மணத்துப் புதல்வருமாகிய இளைஞரின் கல்லறைக்கு அருகிலேயே, ஆப்னி பார்க் இடுகாட்டில் அவர் அடக்கம் செய்யப்பெற்றார்.

மரணத்தின் பின் விளைந்தது

அவர் மறைந்தபோது லண்டனில் இருபத்தெட்டு லட்சம் மக்கள் வாழ்ந்தனர். படையிலோ சற்றேறக்குறைய நூற்றுமுப்பது பேரே இருந்தனர். இன்ஷூரன்ஸ் கம்பெனியார் டூலி தெரு நட்டத்தால் நடுங்கி, பண்டசாலைகளுக்குரிய கட்டணத்தை உயர்த்தினர். வர்த்தகர் கூக்குரலிட்டனர். இனித் தாங்கள் நகருக்கெல்லாம் காவல்புரிய இயலாது என்று கம்பெனியார் அரசாங்கத்துக்கு அறிவித்துவிட்டனர். 1862-ஆம் ஆண்டில் பார்லிமெண்டுக் குழு ஒன்று ஆராய்ந்தது. 1865-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. 1866-ஆம் ஆண்டு ஜனவரி முதல்நாள் தீயணைப்புப் படை லண்டன் மாநகரப் பொதுப்பணிச் சபையின் பொறுப்பில் வந்தது.

அதன் செலவுக்கு வழிசெய்த முறையும் அறியத்தக்கது. சொத்தின் வருட மதிப்பில் பவுன் ஒன்றுக்கு அரைப்பென்னி வரி. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தாம் பொறுப்பேற்ற ஒவ்வொரு பத்துலட்சம் பவுன் தொகைக்கும் முப்பத்தைந்து பவுன். அரசாங்கக் கட்டடங்களுக்காக அரசாங்கம் ஆண்டுதோறும் பதினாயிரம் பவுன். பயன் பெறுவோர் அனைவரும் பங்கு செலுத்துதல் என்னும் நீதியை லண்டன் நகரம் கைக்கொள்ள, எடின்பரோ விழித்த நாளினின்றும் நாற்பதாண்டுகள் கழிந்தன. ஒரு பவுனுக்கு அரைப்பென்னியைக் கொடுக்க மனமில்லாதிருந்த மாநகரம், ஒரே தீயில் இருபது லட்சம் பவுனையும் தன்னைக் காத்துவந்த பெருந்தகையையும் இழந்தது. எடின்பரோ நகரத்தார் 2008-ஆம் ஆண்டில், அவர் முதலிற் போராடிய பார்லிமெண்டுச் சதுக்கத்திலேயே அவருக்குச் சிலை நாட்டினர்.

இவ்வரலாறு உணர்த்துவது

வீரம் வேண்டும், ஆயினும் வீரம் மட்டும் போதாது. ஏற்பாடில்லாத ஊரில் வீரன் தன்னுயிரைக் கொடுத்து ஊராரின் கவலையின்மைக்கு ஈடுசெய்ய நேர்கின்றது. தீயையும் வெள்ளத்தையும் கொள்ளைநோயையும் வராமல் தடுத்தல் எப்பொழுதும் மனிதர்க்கு இயலாது. ஆனால், அவை வரும்போது கட்டளையிடுபவர் யாவர், ஆட்கள் யாவர், தண்ணீர் எங்கே, செலவு எவருடையது என்னும் நான்கினையும் அமைதியான காலத்திலேயே முடிவு செய்துவைத்தல் இயலும். அம்முடிவைச் செய்யாமல் கணக்கில் மட்டும் பொறி வைத்திருப்பது, பொறியே இல்லாதிருப்பதினும் கேடானது. ஏனெனில் அஃது ஊராரை வீணே நம்பியிருக்கச் செய்கின்றது.

நம் அன்பர்களுள் ஊராட்சிகளிலும் நகரசபைகளிலும் இடம்பெற்றோர் இருக்கக்கூடும். பாடசாலைகளையும் மாணவர் விடுதிகளையும் கலியாண மண்டபங்களையும் நடத்துவோரும் இருப்பர். வரவுசெலவுத் திட்டம் வகுக்கும்போது, கண்ணுக்குத் தெரியும் வளைவுக்கும் வாயிலுக்கும் பொருளை ஒதுக்கிவிட்டுக் கண்ணுக்குத் தெரியாத காவலுக்கு மிச்சமிருந்தால் பார்ப்போம் என்று தள்ளிவைக்கும் எண்ணம் யாவர்க்கும் எழுவதே. அவ்வேளையில் டூலி தெருவில் திறந்துகிடந்த இரும்புக் கதவுகளை நினைத்தல் நன்று. கதவு செய்யப் பொருள் செலவிட்டனர். அதனை மூட ஒருவரையும் நியமித்திலர். தத்தம் கட்டடங்களில் அத்தகைய கதவு எதுவென்று அன்பர்கள் இத்திங்களிலேயே ஒருமுறை சென்று பார்ப்பாராயின், பிரெய்ட்வுட் பெருந்தகைக்கு நாம் செய்யும் நன்றி அதுவேயாகும்.